வடிவாம்பாள் நிறைத்த ஜாடி

நெல்லைநாயகம் பிள்ளை சண்டை போடுவதை நிறுத்தியபோது சங்கரன்கோவில் தெற்கு ரதவீதியில் பாதிப் பேர் தங்களுக்குக் காது போய்விட்டது என்று நினைத்தார்கள். ஒருவர் வைத்தியரிடம் போய்க் காதில் எண்ணெய்கூட விட்டுக்கொண்டார். காதுக்கு ஒன்றுமில்லை. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் போயிருந்தது.

பிள்ளைக்கு அந்த வீதியில் பாத்திரக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றையும் கையால் எடுத்துக் காட்டுவார். புதிதாக வந்த அலுமினியத்தை மட்டும் காலால் தள்ளிக் காட்டுவார். அவரிடம் வருகிறவர்கள் பாத்திரத்துக்காக மட்டும் வருவதில்லை, பேரத்துக்காகவும் வருவார்கள். ராயகிரியிலிருந்து ஓர் அண்டா வாங்க வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், காலையில் ஆரம்பித்த பேரம் மத்தியானம் வரை படியாததால் பிள்ளை வீட்டிலேயே இலை போட்டுச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். பொழுது சாய்ந்தபோது அண்டாவின் விலை படிந்திருக்கவில்லை, ஆனால் பிள்ளையின் ஒரே மகளைத் தம் மகனுக்குக் கேட்டு முடித்திருந்தார். சீர்வரிசையோடு அந்த அண்டாவும் ராயகிரிக்குப் போயிற்று. "கடைசியில ஓசியிலயே வாங்கிட்டான் பாத்தீகளா!" என்று சம்பந்தியைப் பற்றிப் பிள்ளை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளையின் குரல் ஏறினால் கோயில் யானை தூக்கிய தும்பிக்கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு கேட்குமாம். ஆசீர்வாதம் வாங்க வந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் காத்துக் கிடப்பார்கள். பேரம் படிந்த பிறகுதான் தும்பிக்கை இறங்கும்.

அப்படிப்பட்ட மனிதர், ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை பிறந்து சில நாளில், ஒரு பெண் குத்துவிளக்கைக் கையில் எடுத்து அடிமாட்டு விலைக்குக் கேட்டபோது, "சரி, எடுத்துக்கோ" என்றார். அவள் பயந்துபோய் விளக்கை வைத்துவிட்டு ஓடிவிட்டாள். கேட்ட விலைக்கே கொடுக்கிறார் என்றால் விளக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று வீதியெல்லாம் சொன்னாள். மறுநாள் பிள்ளை கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாள் கட்டிலை விட்டு எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காரணம் கேட்டால் காரணம் இல்லை. கடன் இல்லை, காய்ச்சல் இல்லை, யாரும் சாகவும் இல்லை. ஒரு மனிதருக்குள்ளே இருந்த அடுப்பு தானாக அணைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவருடைய மனைவி வடிவாம்பாள் கரிவலம்வந்தநல்லூரில் பிறந்தவள். எட்டாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்ததும் படித்தது போதும் என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து பிள்ளையின் சத்தத்துக்குள்ளேயே குடியிருந்தவள். மழைக்குள் குடியிருப்பவனுக்கு மழை கேட்காத மாதிரி, அவளுக்கும் அது கேட்காமல் பழகிவிட்டது. நின்ற பிறகுதான் கேட்டது. இப்போது அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ள வேண்டும்.

அதற்காக அவள் செய்யாதது இல்லை. கோயில் குளமான நாகசுனையில் குளிப்பாட்டினாள். புற்றுமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். அம்பாள் சன்னதியில் மனசு சரியில்லாதவர்களை உட்கார வைக்கும் சக்கரக் குழியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். உட்காரச் சொன்னால் பிள்ளை உட்கார்ந்தார். எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தார். துணைக்கு வந்த பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் அதைப் பார்த்து மூக்கில் விரலை வைத்தாள்.

"இம்புட்டு சொன்ன பேச்சுக் கேக்குத ஆம்பளைய நான் பாத்ததே இல்லை மதினி."

"அதுதாம்ளா வியாதியே" என்றாள் வடிவாம்பாள்.

கடையை எத்தனை நாள் பூட்டி வைப்பது? மாசிக் கடைசியில் அவளே திறந்து உட்கார்ந்தாள். பிள்ளை வீட்டுப் பெண் ரதவீதியில் கடையில் உட்காருவதா என்று நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்க வந்தவர்களின் வீட்டுப் பெண்கள் மறுநாள் பாத்திரம் வாங்க வந்தார்கள். பிள்ளையின் பேரத்துக்குப் பயந்து அதுவரைக்கும் புருஷன்மாரை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், இப்போது தாங்களே வந்து பானையைத் தட்டிப் பார்த்தார்கள், தவலையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், உட்கார்ந்து நாத்தனார் கதை பேசிவிட்டு ஒரு கரண்டியாவது வாங்கிக்கொண்டு போனார்கள். அலுமினியம் அவள் கையில் மேல் தட்டுக்கு ஏறி, அடுக்கின வேகத்தில் இறங்கிப் போயிற்று. சாயங்காலம் உள்ளே போனால், சுவரைப் பார்த்தபடியே பிள்ளை.

டாக்டர் காந்திமதிநாதனை அவள் கோயில் பிராகாரத்தில்தான் முதலில் பார்த்தாள். மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியர், சீமையில் படித்தவர், பூர்வீகம் திருநெல்வேலி. மனச்சோர்வு பிடித்தவர்களுக்கென்று புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. அது உடம்பில் எப்படி உடைகிறது, எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது, அதற்குள் உடம்பில் என்ன மாறுகிறது என்று ஆராய அவருக்கு நோயாளிகள் வேண்டும். மதராஸில் மனசு சரியில்லை என்று ஒப்புக்கொள்கிறவர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் பேசும், அம்பாளிடம் போனால் பேசாது. ஆகவே டாக்டர் ஆஸ்பத்திரியை அம்பாள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கீழ ரதவீதியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தங்கப்பழம் என்ற உள்ளூர்க் கம்பவுண்டரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரயிலில் வந்து போனார்.

பிள்ளையைப் பார்த்துவிட்டு அவர் வடிவாம்பாளுக்கு விளக்கினார்.

"நம்ம சிறுநீரகத்துக்கு மேல தலப்பாகை கட்டின மாதிரி ஒரு சுரப்பி இருக்கும்மா. மனசுக்குப் பாரம் வந்தா அது ஒரு சாறு சுரக்கும். பாரம் போயிட்டா நின்னுரும். சில பேருக்கு நிக்காது, சுரந்துகிட்டே இருக்கும். அது கடைசியில சிறுநீர்ல வந்துரும். அதை அளந்தா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்."

"கவலையை அளக்க முடியுமாய்யா?"

"அளக்கத்தான் நான் வந்திருக்கேன்."

வடிவாம்பாள் அதற்குக் கவலைச் சாறு என்று பெயர் வைத்தாள். டாக்டரின் வாயில் நுழைந்த இங்கிலீஷ் பெயர் தங்கப்பழத்தின் வாயிலேயே நுழையவில்லை. அதனால் ஊரிலும் கவலைச் சாறு என்றே நின்றுவிட்டது.

"ஆனா ஒரு கண்டிஷன்" என்றார் டாக்டர். "வாரத்துல ஒரு நாள், ஒரு காலையிலயிருந்து மறுகாலை வரைக்கும் அவர் கழிக்கிறது ஒரு சொட்டு வெளிய போகக்கூடாது. அத்தனையும் நான் தர்ற ஜாடியில வரணும். தப்பு நடந்தா ஆராய்ச்சியில இருந்து பேரை எடுத்துருவேன். பேரை எடுத்தா மாத்திரை இல்லை. இது கடையில கிடைக்காது. கப்பல்ல வந்தது."

வடிவாம்பாள் மாத்திரையைப் பார்த்தாள். சீனி பூசிய சின்ன மாத்திரை, புளியங்கொட்டையில் கால்வாசி இருக்கும். இதை உள்ளே அனுப்பி அந்த மனிதரைச் சண்டைக்கு இழுத்துவர முடியும் என்றால் ஜாடியென்ன, குளத்தையே சுமக்கலாம் என்று பட்டது.

தங்கப்பழம் முதல் ஜாடியைக் கொண்டுவந்த அன்று வீதியே வேடிக்கை பார்த்தது. கண்ணாடி மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடி, அடியில் கெட்டுப்போகாமல் இருக்க ஏதோ மருந்து. மறுநாள் காலையில் அதை ஐஸும் மரத்தூளும் போட்ட பெட்டியில் வைத்து மதராஸ் ரயிலில் ஏற்ற வேண்டும்.

"மதினி, அண்ணாச்சி சமாச்சாரம் மதராசுக்கு ஐஸ் பெட்டியில போவுதாமே!" என்றாள் சீனியம்மாள். "எங்க வீட்டு ஆளு பொறந்ததுல இருந்து தென்காசி தாண்டினதில்லை."

அன்று முழுக்க வடிவாம்பாள் கடையையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை முனகாமல் ஒத்துழைத்தார். எதற்கும் ஒத்துழைப்பதுதானே அவருக்கு வந்த நோய். ஆனால் சித்திரை வெயிலில், ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கிற மனிதரிடமிருந்து எவ்வளவு வரும்? மறுநாள் விடிந்தபோது ஜாடி பாதிகூட நிறையவில்லை.

வடிவாம்பாள் அதைப் பார்த்துக் கூசிப்போனாள்.

பாத்திர வியாபாரிகள் வீட்டில் ஒரு வழக்கம். ஒரு செம்பு விற்றாலும் வெறும் செம்பாகக் கொடுக்க மாட்டார்கள், ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் ஊறுகாய் வந்தால், கிண்ணம் திரும்பும்போது அதில் கருப்பட்டியாவது இருக்கும். பிறத்தியாருடைய பாத்திரத்தைக் குறையாகத் திருப்பிக் கொடுத்தால் அந்த வீட்டில் தரித்திரம் என்று ஊருக்கே பறைசாற்றின மாதிரி. இதுவோ சாதாரணப் பாத்திரம் இல்லை. மதராஸிலிருந்து வந்த கண்ணாடி, படித்த மனிதர் நம்பிக் கொடுத்தது, உயிருக்கு மாத்திரை தருகிறவருடையது. அதில் பாதி அனுப்புவதா? என்ன நினைப்பார்கள், பாத்திரக் கடைக்காரி வீட்டில் இதற்குக்கூடப் பஞ்சம் என்றா?

மீதியை அவள் எங்கிருந்து நிறைத்தாள் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான்.

தளும்பாமல் தூக்கிக்கொண்டு போன தங்கப்பழம், பதினைந்து நாள் கழித்து டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்தான்.

"அம்மா, இத்தனை நோயாளி வீட்டுல ஒழுங்கா சேகரிச்சது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க பாதியைக் கீழ விட்டுட்டு வர்றாங்க. உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா என் ஆராய்ச்சி எப்பவோ முடிஞ்சிருக்கும்."

வடிவாம்பாளை இதற்கு முன்னால் யாரும் புகழ்ந்தது கணக்கில் முதலாவதாக வந்தபோதுதான். அதற்குப் பலனாகப் படிப்பை நிறுத்தினார்கள். ஆகவே அவள் கொஞ்சம் பயந்தாள். ஆனாலும் அன்றைக்கு ரசத்தில் தாளிக்கும்போது ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது. அடுத்த வாரமும் ஜாடி நிறைந்தே போயிற்று, அதற்கடுத்த வாரமும்.

வைகாசி பாதியில் ஒரு மத்தியானம் பிள்ளை ஒரு வாய்ச் சோற்றை மென்றார். நிறுத்தினார். தட்டை ஒரு விரலால் தள்ளினார்.

"உப்பு இல்லை."

வடிவாம்பாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடி அழுதாள். அன்று சாயங்காலமே அம்பாளுக்கு மாவிளக்குப் போட்டாள். மாத்திரையா அம்பாளா என்று அவளைக் கேட்டால், அம்பாள் மாத்திரையைக் கப்பலில் ஏற்றியிருப்பாள் என்று சொல்லியிருப்பாள்.

ஆனி பிறந்தபோது பிள்ளை சுவரிலிருந்து திரும்பிவிட்டார். ஒரு காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"ஏட்டி வடிவு! அலுமினியத்தைத் தலைக்கு மேல தூக்கி வச்சது யாரு?"

ரதவீதியில் காது அடைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது. கோயில் யானை தும்பிக்கையைத் தூக்கி நிறுத்தியது.

"நாந்தான். பொம்பளைக வந்து கேட்டாக."

"பொம்பளைகளா? இது என்ன கடையா, கிணத்தடியா? போ உள்ள, நான் பாத்துக்கிடுதேன்."

வடிவாம்பாள் எழுந்து உள்ளே போனாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. நேர்ந்துகொண்டு, மண் கரைத்து, ஜாடி நிறைத்துக் கேட்டது, அப்படியே கிடைத்துவிட்டது. அதற்கு மேலும் கிடைத்தது. உப்பு இல்லை, உப்பு கூட. விளக்கை ஏன் இந்த விலைக்குக் கொடுத்தாய். யாரைக் கேட்டு அந்தத் தவலையை மாற்றி வைத்தாய். ஐந்து மாதச் சண்டை பாக்கி இருந்ததல்லவா, பிள்ளை ஒரு நாளைக்கு இரண்டு நாள் சண்டை வீதம் தீர்த்துக்கொண்டு வந்தார். ஊர் அவரைக் கொண்டாடியது. ராயகிரிச் சம்பந்தி பேரம் பேசுவதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வந்து போனார். வடிவாம்பாளும் சிரித்த முகமாகவே இருந்தாள். உலை கொதித்துச் சிந்தி அடுப்பு அணைகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதையோ, இரவெல்லாம் விட்டத்தை எண்ணிக்கொண்டு கிடந்தாள் என்பதையோ யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை. புருஷன் குணமான சந்தோஷத்தில் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் டாக்டர் வந்தார். முகம் சரியாக இல்லை.

"எனக்கு ஒண்ணும் புரியலைம்மா. மாத்திரை சரியாத்தான் உடம்புல போகுது, சரியாத்தான் வெளிய வருது. ஆளும் தெளிஞ்சுட்டார். ஆனா அந்தச் சாறு இறங்கவே இல்லை. ஆரம்பத்துலயே ஜாஸ்தி. இப்ப வாரத்துக்கு வாரம் ஏறுது."

"கவலைச் சாறா?" என்றாள் வடிவாம்பாள்.

டாக்டர் ஒரு நாள் முழுக்கக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பித்தளைச் சத்தம்தான் காரணம் என்று அவருக்குத் தோன்றியது. பாத்திரத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் சுரப்பியைத் தூண்டுகிறதோ என்று தங்கப்பழத்திடம் சொன்னார். தங்கப்பழம் ஊரெல்லாம் சொன்னான். மூன்று நாளைக்கு ரதவீதியில் ஒருவரும் பானையைத் தட்டவில்லை, விரலால் தடவி வாங்கினார்கள். பிறகு டாக்டர் வேறொரு முடிவுக்கு வந்தார்.

"வெளிய சிரிச்சாலும் உள்ள எரிஞ்சுகிட்டுதான் இருக்கார். இப்படியே விட்டா திரும்பப் படுத்துருவார், முன்னைவிட மோசமா. நான் போகும்போது கூடவே மதராசுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மாசம் வார்டுல வச்சுப் பார்க்கணும். தேவைப்பட்டா கரண்டு வைத்தியம் குடுக்கணும்."

பிள்ளை துள்ளினார். "யாருக்கு வே கரண்டு? எனக்கா? நான் தூங்குதேன், திங்குதேன், நேத்து மூணு பேரை அழ வச்சிருக்கேன். எனக்கு என்ன வே கொறச்சல்?"

"பாத்தீங்களா, எவ்வளவு படபடப்பு!" என்றார் டாக்டர்.

வடிவாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். தான் ஊற்றியதால் ஏறியது. ஊற்றாவிட்டால் இறங்கும். வாயைத் திறக்காமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று அவள் அந்த வாரம் பிள்ளையுடையதை மட்டும் ஜாடியில் விட்டு, மூடியை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு கொடுத்தனுப்பினாள். அவ்வளவு நாளில் அவள் கொடுத்த ஒரே நேர்மையான ஜாடி அதுதான்.

தங்கப்பழம் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். பின்னாலேயே டாக்டர்.

"என்னம்மா இது? பாதிதான் இருக்கு! இத்தனை வாரமா நிறைய வந்தவருக்கு இப்ப எப்படிப் பாதி? மதராசுக்குப் பயந்து ஏமாத்துறீங்க. உங்க மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தேன்!"

"இது முழுசுதான்யா."

"பொய் சொல்லாதீங்க. இதை நான் அனுப்பப் போறதில்லை. நாளைக்கு ரயிலுக்கு அவரைத் தயார் பண்ணுங்க."

பின்கட்டில் எல்லாரும் நின்றார்கள். பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தார். சீனியம்மாள் ஏதோ இரவல் கேட்க வந்தவள், எதைக் கேட்க வந்தோம் என்பதை மறந்து நின்றாள். வடிவாம்பாள் யோசித்தாள். சொன்னால் பேரை எடுத்துவிடுவார், மாத்திரை நின்றுவிடும். மனிதர் மறுபடியும் சுவரைப் பார்ப்பார். சொல்லாவிட்டால் மனிதரையே ரயிலேற்றி மின்சாரத்தில் மாட்டிவிடுவார்கள். சீனியம்மாளின் முன்னால் இதைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் கரிவலம்வந்தநல்லூர் வரை போய்விடும் என்பதும் தெரியும்.

"அது முழுசுதான்யா" என்றாள் மறுபடியும். "முந்தினதெல்லாந்தான் முழுசு இல்லை. பாதி அவுகளோடது. மிச்சம் என்னோடது."

டாக்டர் ஜாடியின் மூடியைத் திறந்து, மறுபடியும் மூடினார்.

"உங்களோடதா? ஏம்மா?"

"பாதி ஜாடியை எப்படிய்யா திருப்பிக் குடுக்கது? ஒரு மரியாதை இல்லையா?"

டாக்டர் சீமையில் நிறையப் படித்திருந்தார், அங்கே ஜாடி மரியாதை சொல்லித் தரவில்லை. சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தவலையின் மேல் உட்கார்ந்துவிட்டார். தங்கப்பழம் சிரிப்பை அடக்கக் கொல்லைப் பக்கம் போனான். பிள்ளைக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லைங்கேன்! எம் பொஞ்சாதி கணக்கையும் சேத்து எந்தலையில எழுதி எனக்குக் கரண்டு வைக்கப் பாத்தீரே வே! இதுதான் நீர் படிச்ச படிப்பா?"

டாக்டர் அவரைக் கவனிக்கவில்லை. விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "ரெண்டு பேரோடதுன்னா ஜாஸ்தியா இருக்கும், சரி" என்றார் தனக்குத்தானே. "ஆனா வாரா வாரம் ஏன் ஏறணும்? அவர்தான் தெளிஞ்சுகிட்டே வர்றாரே..." பிறகு தலையை நிமிர்த்தி வடிவாம்பாளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் ஜாடியைத்தான் பார்த்திருக்கிறார், ஜாடியைப் பிடித்திருந்தவளை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"தங்கப்பழம், ரெண்டு ஜாடி கொண்டா. அவருக்கு ஒண்ணு. அம்மாவுக்கு ஒண்ணு."

மதராஸ் பயணம் நின்றது. ஆடித்தபசுக் கூட்டம் வந்து போயிற்று. பிள்ளை ஒரு குடத்துக்காக வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவரோடு போட்ட சண்டையைச் சப்பரம் பார்க்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அது கழிந்த வாரம் டாக்டர் வந்தார். பிள்ளையின் சாறு ஒரு நல்ல மனிதனுக்கு இருக்க வேண்டிய அளவில் இருந்தது. வடிவாம்பாளுடையது, பிள்ளையைப் போலக் கட்டிலோடு கிடந்தவர்களுக்குக்கூட அத்தனை இருந்ததில்லை என்றார்.

"தப்பா அளந்திருப்பாக" என்றாள் வடிவாம்பாள். "நான் எந்திரிச்சு நடக்கேன், சமைக்கேன்..."

"தூங்குறீங்களா?"

அவள் முந்தானையால் முக்காலியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எப்ப இருந்து தூக்கம் இல்லை?"

"அவுகளுக்குத் தூக்கம் வந்ததுல இருந்து."

"எம் பொஞ்சாதிக்கு என்ன வே!" என்று பிள்ளை குறுக்கே விழுந்தார். "நான்லா நோயாளி! எம் பேரைத்தான எழுதியிருக்கு!" ஆறு மாதமாக ஊரே பார்த்துக் கவலைப்பட்ட பதவியை மனைவிக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

டாக்டர் மாத்திரைச் சீசாவை எடுத்தார். "உங்களுக்கும் இதைத் தர்றேம்மா."

வடிவாம்பாள் சீசாவைப் பார்த்தாள். நல்ல மாத்திரைதான், அவள் கண்ணால் கண்டது. ஒரு செத்த அடுப்பை எரிய வைத்த மாத்திரை. "எனக்கு இது வேண்டாம்யா" என்றாள். "எனக்குள்ள ஒண்ணும் அணையலை."

"பின்ன என்ன வேணும்?"

"கடையில உக்காந்திருந்தப்ப படுத்ததும் தூக்கம் வந்துச்சு."

அதற்குப் பிறகு நடந்ததை ரதவீதியில் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் அதிகம். பிள்ளை முதலில் முடியாது என்றார். வடிவாம்பாள் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் உட்கார்ந்துகொள் என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி, செவ்வாயும் வெள்ளியும் என்றார். அவள் டாக்டருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஏட்டி, ஒரு வார்த்தை எதுத்துச் சொல்லேன், நான் யார்ட்ட பேரம் பேச?" என்று கத்தினார். எதிரில் விலை சொல்லாத ஆளிடம் பேரம் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. தானே ஏற்றிக்கொண்டு போனார். வாரத்தில் நாலு நாள் என்றார். அரைநேரம் என்றார். தினமும் காலை என்றார். அலுமினியம் முழுக்க உனக்கு என்றார். கடைசியில் தொண்டை கட்டிப்போய், "தினமும் விடிஞ்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் ஒனக்கு, பெறவு எனக்கு. இதுக்கு மேல ஒரு நாழிகை தரமாட்டேன்!" என்றார்.

"சரி" என்றாள் வடிவாம்பாள். அவள் மனதில் நினைத்திருந்தது வாரத்துக்கு மூன்று நாள்தான்.

காலை நேரத்தில் பேரம் பேச ஆளில்லாமல் பிள்ளை மறுபடியும் சோர்ந்துவிடுவாரோ என்று டாக்டர் பயந்தார். அதற்குச் சீனியம்மாள் வழி கண்டுபிடித்தாள். "அண்ணாச்சி, எனக்கு ரெண்டு கத்தரிக்கா வாங்கிட்டு வாங்களேன்" என்று கூடையைக் கொடுத்தாள். பிள்ளை சந்தைக்குப் போய்த் கத்தரிக்காய்க்காரியோடு மல்லுக்கட்டிவிட்டு முகம் சிவந்து, சந்தோஷமாகத் திரும்பினார். அடுத்த வாரம் வீதியில் பாதி வீட்டுக் கூடை அவர் கையில் தொங்கியது. சந்தையில் அவரைக் கண்டதும் கத்தரிக்காய் தானாகவே விலை குறைந்துவிடும் என்று பேச்சு.

டாக்டர் பழைய வாரங்களையெல்லாம் தள்ளிவிட்டு, பிள்ளையைப் புதிதாகச் சேர்த்து மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தார். வடிவாம்பாளின் ஜாடியையும் விடவில்லை. அது நிறைய வந்தது, நேர்மையாகவும் வந்தது. புரட்டாசிக்குள் அவளுடைய சாறு பாதியாக இறங்கியிருந்தது. மாத்திரை இல்லை, புற்றுமண் இல்லை, மதராஸ் இல்லை. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. மாத்திரையைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் மாத்திரையே சாப்பிடாமல் தெளிந்தவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? மதராஸில் பெரிய டாக்டர்கள் கூடிய சபையில் அவர் வாசித்தபோது பிள்ளை இருந்தார், வடிவாம்பாள் இல்லை. தங்கப்பழம் ஐப்பசியில் வந்து இந்தச் சேதியைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னான்.

"மதினி, ஒங்களைப் பத்தி ஒரு வரிகூடப் போடலையாம். அண்ணாச்சியைத்தான் எல்லாரும் கைதட்டினாகளாம்."

கடையில் தீபாவளிக் கூட்டம். ஒரு புதுப்பெண் தலைத் தீபாவளிக்கு வாயகன்ற போகணிப் பாத்திரம் வாங்க வந்து, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். வடிவாம்பாள் அவளுக்காக ஒன்றைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"போடலைன்னா போவுது" என்றாள். "தம்பி, நீ வந்தது வந்த, அந்த மேல் தட்டுல இருக்கதை எறக்கு. இல்லை, அதுக்குப் பக்கத்துல. இந்தப் புள்ளைக்குப் பஸ்ஸு போயிரும்."